ஓட்டை இல்லாத சாக்ஸ் ஒரு ஜோடி

உங்கம்மா நேத்து ராத்திரி போன் போட்டா, மருமவனே. “அண்ணே, எம்மகன் ஏதோ ஏ.டி.எம்.முக்குப் போறானாம். அதுக்குக் குடும்பத்தோட ஏரோப்ளேன் டிக்கெட் எடுத்திருக்கானாம். டல்லாஸ்ல ஒரு ஏ.டி.எம். கூடவா இல்லாமப் போச்சு?”ன்னு கேக்குதா. சிரிச்ச சிரிப்புல எனக்குப் பொரை ஏறி, உங்கத்தை வந்து உச்சந்தலையில தட்டினா. தட்டின வேகத்தைப் பாத்தா பொரைக்குத் தட்டின மாதிரி தெரியல. பழைய பாக்கியையும் சேத்து வசூல் பண்ணிட்டா.

அவ மட்டும் என்ன ஒழுங்கு? போன வருசம் நாங்க ஹூஸ்டன்ல எம்மக வீட்ல இருந்தப்ப, “அப்பா, வியாழக்கிழமை ஏ.டி.எம். போறோம்”ன்னு மக சொன்னதும், பேங்க் கார்டைத் தேடி எடுத்து முந்தானையில முடிஞ்சுக்கிட்டவ உங்கத்தைதான். ரெண்டரை மணி நேரம் பறந்து, ரெண்டு மணி நேரம் வேன்ல குலுங்கி, சான் இக்னாசியோங்கிற ஊர்ல போய் இறங்கினப்புறம்தான் அது குகைன்னும், உள்ள எலும்புக்கூடு கெடக்குன்னும் அவளுக்கு விசயம் தெரிஞ்சுது. “செத்தவகளைப் பாக்கத் துட்டுக் குடுத்து டிக்கெட் எடுக்குற குடும்பம் இது ஒண்ணுதான்”னு சொல்லிட்டு லாட்ஜ்லயே உக்காந்துட்டா.

பேரைச் சொல்லுதேன், நெட்டுருப் போட்டுக்கோ. ஆக்துன் துனிச்சில் முக்நால். மாயா பாஷையில கல்லாலான கல்லறைக் குகைன்னு அர்த்தமாம். வாயில நுழையாத பேரை மூணு இங்கிலீஷ் எழுத்தாச் சுருக்கி ஏ.டி.எம்.னு ஆக்கிட்டாக. ஆனா பேர் பொருத்தம் இல்லைன்னு சொல்லிற முடியாது. நம்ம ஏ.டி.எம்.ல எடுக்கத்தான் போறோம், இது போட மட்டும்தான். மாயா சனம் பல நூறு வருசமா அதுக்குள்ள போய்ப் பானையைப் போட்டுது, தானியத்தைப் போட்டுது, சொந்த ரத்தத்தைப் போட்டுது, கடைசியில ஆளையே போட்டுது. கேட்டது ஒண்ணே ஒண்ணு, மழை. மிஷின் அதுக்கு என்ன சொல்லுச்சுங்கறதைப் பொறவு சொல்லுதேன்.

அந்தக் குகை இருக்கற பெலீஸ் சின்ன நாடு. மொத்தச் சனமே நாலு லட்சம் சொச்சம்தான். 1981லதான் வெள்ளக்காரன் கையை விட்டுச் சுதந்திரம் வாங்கினாக, அதனால ஆட்சி மொழி இங்கிலீஷ். உன் இங்கிலீஷ் அங்க செல்லும். அவுக தங்களுக்குள்ள பேசுற கிரியோல் உனக்கு மண்டையில ஏறாது. எனக்கு ரெண்டும் ஒரே அளவுக்குத்தான் புரிஞ்சுது, ஒரு சிரமமும் இல்ல.

மாசி மாசம் போறது நல்ல முடிவு. அது உன் மூளை இல்ல, உம்பொண்டாட்டி மூளைன்னு விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஆனியில ஆரம்பிச்சாக் கார்த்திகை வரைக்கும் அங்க மழைக்காலம். குகைக்குள்ளயிருந்து வாரதே ஒரு ஆறுதான். அது பெருகிட்டா உள்ள ஆளை விடமாட்டாக. வாசல் வரைக்கும் போயிட்டு, “நாங்க அமெரிக்காவுல இருந்து வாரோம்”னு சொன்னா ஆறு வத்திராது.

இனி உன் சாமான் பட்டியலுக்கு வாரேன். நீ வாங்கி அடுக்கியிருக்கறதை உங்கம்மா போட்டோ எடுத்து வாட்சப்புல அனுப்பிச்சா. சீர்வரிசைத் தட்டு மாதிரி இருந்துது.

தலையில மாட்டுற கேமரா, கம்புல மாட்டுற கேமரா, தண்ணியில முங்குற கேமராங்கிறதை எல்லாம் வீட்லயே வச்சுப் பூட்டு. 2012ல ஒரு சுற்றுலாக்காரர் கையிலயிருந்து கேமரா நழுவி, கீழ கெடந்த மண்டையோட்டு மேல விழுந்து அதை உடைச்சிட்டுது. ஆயிரம் வருசத்துக்கு மேல வெள்ளத்தையும் வவ்வாலையும் தாக்குப் பிடிச்ச மண்டை, ஒரு லென்ஸைத் தாக்குப் பிடிக்கல. அதுல இருந்து கேமராவும் கூடாது, செல்போனும் கூடாதுன்னு ஒரே போடாப் போட்டுட்டாக. படம் இல்லாம எப்படி நம்புவாகன்னு நீ கேப்ப. உங்க தாத்தா காசிக்குப் போயிட்டு வந்தாருல்ல? ஒரு போட்டோ கெடையாது. நாப்பது வருசம் அதைச் சொல்லியே ஊர்ல மரியாதை வாங்கினாரு. வருசத்துக்கு ஒரு முழம் கங்கையில தண்ணி ஏறிக்கிட்டே வந்துது. போட்டோ எடுத்திருந்தா அந்த வசதி கெடைச்சிருக்குமா?

அடுத்தது பூட்ஸ். “தண்ணி புகாது”ன்னு பெட்டியிலயே எழுதியிருக்கு. இடுப்பளவு ஆத்துல எறங்கினா மேல்வாய் வழியாப் புகும், மருமவனே. புகுந்த தண்ணி வெளிய வராதுங்கறதுக்குத்தான் அவன் உத்தரவாதம் குடுத்திருக்கான். ரெண்டு காலுலயும் ஒவ்வொரு குடம் தண்ணியைச் சுமந்துக்கிட்டு நடப்ப. சாதாரணக் கேன்வாஸ் ஷூ போதும். விரலை மூடியிருக்கணும், கயிறு இறுகக் கட்டியிருக்கணும், உள்ள போன தண்ணி வெளிய வரணும். செருப்புப் போட்டு வந்தா கைடு திருப்பி அனுப்பிருவாரு.

அந்தக் கத்தி என்னத்துக்கு? காட்டுல சிறுத்தை வந்தாச் சண்டை போடவா? அங்க இருக்கறது ஜாகுவார், நம்ம சிறுத்தையைவிடக் கனத்த சாதி. பட்டப்பகல்ல எட்டுப் பேரு வாய் ஓயாமப் பேசிக்கிட்டு வந்தா, அது வெறுத்துப் போயி வேற மலைக்குப் போயிரும். நீ பயப்பட வேண்டியது கீழ பாத்து. சருகு நிறத்துலயே சருகுக்குள்ள கெடக்கும் ஒரு விரியன். டாமி காஃப்ங்காக அந்த ஊர்ல. ஏதோ துரை வீட்டு நாய்க்குட்டிப் பேரு மாதிரி இருக்குன்னு கையை நீட்டிராத. கைடு கால் வச்ச எடத்துல நீ கால் வை, அவரு கை வைக்காத எடத்துல நீ கை வைக்காத. பாம்புக்கடிப் பெட்டின்னு ஒண்ணு வாங்கி வச்சிருக்கியே, அதைவிட இந்த ஒரு வரி விலை கூடுதல்.

கை வைக்கறதுன்னதும் மரம் ஞாபகம் வருது. அங்க ஒரு பனை சாதி இருக்கு, அடிமரம் பூரா முள்ளு. வழுக்குற எடத்துல பிடிச்சுக்கிடலாமேன்னு கை தானாப் போற எடத்துலதான் அது நிக்கும். முள்ளு ஏறினாச் சீழ் கோக்குமாம். ஆனா அதே மரத்தோட உள்பட்டையை வச்சுக் கட்டினா ரத்தம் நிக்கும்னு காட்டு வைத்தியம் சொல்லுதாக. அதனால அதுக்குப் பேரே “குடுத்து வாங்கி” மரம். நம்ம சம்பந்தக்காரவுக ரெண்டு மூணு பேரு ஞாபகத்துக்கு வந்தாக.

இன்னொண்ணு கருப்புப் பாலு வடியுற நச்சு மரம். தொட்டா உடம்பு கொப்புளிச்சிரும். அதுக்கு மாத்து மருந்து கம்போ லிம்போன்னு ஒரு மரம், பட்டை செவந்து தோல் தோலா உரியும். அந்த ஊர்க்காரவுக அதை “டூரிஸ்ட் மரம்”னு கூப்பிடுதாக. ஏன்னு கேட்டேன். வெயில்ல வெந்து செவந்து தோலுரிஞ்சு வார வெள்ளக்காரரைக் கைடு கண்ணாலயே காட்டினாரு. நம்ம நிறத்துக்கு அந்தக் கேலி ஒட்டாது. நம்மளைக் கேலி பண்ண வேற மரம் வச்சிருப்பாக, நான் கேக்கல.

கொசு மருந்து நாலு டப்பா வாங்கியிருக்க. முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரைக்கும் கால்சட்டை, சீக்கிரம் காயுற துணியில போட்டுட்டுப் போ, முக்காவாசி வேலை முடிஞ்சுது. மருந்தை உடம்பெல்லாம் பூசிக்கிட்டு அந்தத் தண்ணியில எறங்க வேண்டாம்னு எங்க கைடு சொன்னாரு. அந்தத் தண்ணியில மீனு, நண்டு எல்லாம் குடியிருக்கு. அதுக குடிக்கறதும் அதே தண்ணிதான்.

அதோட அங்க கொசுவுக்கு ஒரு பெரிய மரியாதை உண்டு, கேட்டுக்கோ. கிச்சே மாயாக்காரவுக புராணம் ஒண்ணு இருக்கு, பொப்பொல் வூ. அதுல பாதாள லோகத்துக்குப் பேரு ஷிபால்பா. பயங்கர எடம்னு அர்த்தம். அங்க இருக்கிற எமராசாக்கள் வார விருந்தாளியைக் கோமாளி ஆக்கறதுல கெட்டிக்காரக. மரப்பொம்மைகளைச் சோடிச்சு ராசா மாதிரி உக்கார வச்சிருவாக. வாரவன் பொம்மைக்குக் கும்பிடு போடுவான், மறைவுல இருக்கற ராசாக்கள் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பாக. பொறவு “உக்காருங்க”ன்னு ஒரு பெஞ்சைக் காட்டுவாக. அது பழுக்கக் காய்ஞ்ச கல்லு.

இந்தக் கூத்துல ஏற்கெனவே ஒரு தலைமுறை செத்துப் போச்சு. அடுத்து வந்த ரெட்டைப் பயலுக விவரமானவுக. முன்கூட்டியே ஒரு கொசுவை அனுப்பி வரிசையா எல்லாரையும் கடிக்கச் சொன்னாக. பொம்மை சும்மா இருந்துது. நெச ராசா ஒவ்வொருத்தனும் “ஆ”ன்னு கத்த, பக்கத்துல இருந்தவன் “என்னப்பா ஆச்சு”ன்னு பேரைச் சொல்லி விசாரிக்க, எல்லார் பேரும் வெளிய வந்துட்டுது. அப்புறம் இருட்டு வீடு, குளிர் வீடு, வவ்வால் வீடு, கத்தி வீடுன்னு ஒவ்வொண்ணா அடைச்சு வச்சுச் சோதிக்காக. அந்த ஷிபால்பாவுக்கு வாசல்தான் குகைன்னு மாயாக்காரவுக நம்பிக்கை. நீ போறது அந்த வீட்டுக்குத்தான். கொசு கடிச்சா, ஆளு பொம்மையா மனுசனான்னு சோதிக்குதுன்னு எடுத்துக்கோ. உன் ஆபீஸ்லயும் ஒரு கொசுவை விட்டுப் பாக்கலாம்.

சரி, நடைக்கு வாரேன். வேன் நிக்கிற எடத்துலயே துணி மாத்த அறை உண்டு. மாத்துத் துணியை அங்கயே வச்சிட்டுப் போ, திரும்பி வரும்போது உடம்புல ஒரு அங்குலம் காஞ்ச எடம் இருக்காது. தலைக்குத் தொப்பியும் விளக்கும் கைடு குடுப்பாரு. ஒரு கைடுக்கு எட்டுப் பேருக்கு மேல கூடாதுன்னு கணக்கு. அரசாங்க அனுமதி வாங்கின கைடு இல்லாம யாரும் உள்ள எறங்க முடியாது. உன் மகன் வயசுக்கும் உயரத்துக்கும் விடுவாகளான்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கோ. வாசல்ல வச்சு அவன் அழுதா நீதான் மடியில வச்சுக்கிட்டு வெளிய உக்காரணும், உம்பொண்டாட்டி திரும்பிக்கூடப் பாக்கமாட்டா.

காட்டு வழி முக்கா மணி நேரம். ஆத்தை மூணு தடவை குறுக்க கடக்கணும். மொதத் தடவை ஆழம் கூட, கயிறு கட்டியிருக்காக. நடுவுல பாதையை மறிச்சுப் பச்சைக் கோடு ஒண்ணு போகும். குனிஞ்சு பாத்தா எறும்பு, ஒவ்வொண்ணும் ஒரு துண்டு இலையைக் குடை மாதிரிப் பிடிச்சுக்கிட்டுப் போகுது. தின்னறதுக்கு இல்ல. புத்துக்குள்ள கொண்டுபோய் அடுக்கி அதுல காளான் பயிர் பண்ணித் தின்னுது. கடன் இல்லாம, மானியம் இல்லாம வெவசாயம் பண்ற ஒரே சாதி. நான் அஞ்சு நிமிசம் குத்துக்கால் வச்சுப் பாத்தேன். எம்மக “அப்பா, எல்லாரும் காத்திருக்காங்க”ங்கா. காத்திருக்கட்டுமே, செத்தவக எங்க போயிருவாக?

அப்புறம் ஒரு மரத்தைக் கைடு தட்டிக் காட்டினாரு. பட்டையில குறுக்கயும் நெடுக்கயும் பழைய வெட்டுத் தழும்பு. அந்தப் பாலை எடுத்துத்தான் அந்தக் காலத்துல சூயிங் கம் பண்ணினாகளாம். அண்ணாந்து பாக்கேன், இலையும் காயும் தெரிஞ்ச மொகமா இருக்கு. நம்ம கெணத்து மேட்டுச் சப்போட்டா! அதுக்குப் பிறந்த ஊரே அந்தப் பக்கம்தான். டிக்கால்ங்கிற பழைய மாயாக் கோயில்ல வாசல் நெலைக்கு மேல இந்த மரத்தைத்தான் உத்தரமாப் போட்டிருக்காக, ஆயிரம் வருசம் தாண்டி நிக்குது. பப்பாளி, கொய்யா, மக்காச்சோளம், உங்கத்தை கைவரிசையைக் காட்டுற மிளகாய்வத்தல் எல்லாம் அமெரிக்கக் கண்டத்துல இருந்து கப்பலேறி வந்ததுதான். மாமியார் வீட்டுக்குப் போற மரியாதையோட போ.

வாசல் வந்துரும். பாறை மேலயும் கீழயும் அகண்டு, நடுவுல இடுப்புச் சிறுத்து, உடுக்கை மாதிரி இருக்கும். அதுக்குள்ள பச்சையா ஒரு மடு. கால் எட்டாது, நீச்சல்தான். தண்ணி சில்லுன்னு நெஞ்சைப் பிடிக்கும். நீ உங்க அபார்ட்மெண்ட் குளத்துல, வெந்நீர் ஓடுற மூலையில நிக்கறதைத்தான் நீச்சல்னு சொல்லிக்கிட்டிருக்கன்னு உங்கம்மா சொன்னா. இன்னும் நாள் இருக்கு, கத்துக்கோ. நான் கமலைக் கெணத்துல இடுப்புல சுரைக்குடுக்கை கட்டிக்கிட்டுப் படிச்ச நீச்சல், தொபுக்கடீர்னு குதிச்சேன். குதிச்சப்புறம்தான் தொப்பியைக் கட்டலைங்கறது ஞாபகம் வந்துது. அது எனக்கு முன்னாடி ஷிபால்பாவைப் பாத்து மெதந்து போச்சு. கைடு எட்டிப் பிடிச்சுக் குடுத்துட்டு ஒரு வார்த்தை பேசல. பேசாம இருந்ததுதான் உறைச்சுது.

அங்கயிருந்து அரை கிலோமீட்டர் போல ஆத்துக்குள்ளயேதான் பாதை. சில எடத்துல கணுக்கால் தண்ணி, சில எடத்துல கழுத்துத் தண்ணி. ஒரு எடத்துல ரெண்டு பாறைக்கு நடுவுல தலை போக வழியில்ல, கழுத்து போற அளவுக்குத்தான் சந்து. உடம்பைத் தண்ணிக்குள்ள விட்டு, கழுத்தை ஒருக்களிச்சு, தொண்டைக்குழிக்கு ரெண்டு பக்கமும் கல்லு உரச நழுவணும். கைடு சொல்றபடி இடது, வலதுன்னு திருப்பினாத்தான் வெளிய வர முடியும். யார் சொல்லுக்கும் தலை சாய்க்காதவன்னு ஊர்ல பேர் எடுத்த உன் மாமன், அங்க ரெண்டு தடவை சாய்ச்சேன். உம்பொண்டாட்டி உனக்குப் பின்னாடி வருவா. நீ சாய்க்கறதை அவ பாக்காம இருக்கணும்னா அவளை முன்னாடி விட்டிரு.

ஒரு எடத்துல எல்லாரையும் விளக்கை அணைக்கச் சொல்லுவாரு. கண்ணைத் தொறந்தாலும் மூடினாலும் ஒண்ணுதான். அந்த நேரத்துல உன் கைக்கடிகாரம் பளிச்சுன்னு எரிஞ்சு “நெஞ்சு படபடக்குது, கொஞ்சம் உக்காருங்க”ன்னு புத்தி சொல்லக் கூடாது. அதையும் லாட்ஜ்ல விட்டிரு.

இப்ப சாக்ஸுக்கு வாரேன். இதுக்காகத்தான் இம்புட்டு நேரமும் பேசினேன்.

ஆத்தை விட்டு ஒரு பாறை மேல ஏறினாக் காஞ்ச மண்டபம் வரும். அங்க ஷூவைக் கழட்டிட்டுச் சாக்ஸோடதான் நடக்கணும். ஏன்னா தரை பூராப் பானை. சுண்ணாம்புத் தண்ணி சொட்டிச் சொட்டிப் பானையும் தரையும் ஒட்டி ஒண்ணாயிட்டுது. கால்ல ஷூ இருந்தா மிதிக்கறது தெரியாது, வெறுங்காலா இருந்தா நம்ம உடம்பு எண்ணெயும் வேர்வையும் அந்தக் கல்லைக் கெடுக்கும். அதனால சாக்ஸ். நம்மளைப் பொறுத்தவரைக்கும் செருப்பைக் கழட்டிட்டுப் போன்னு சொன்னா அது என்ன எடம்னு சொல்லித் தெரிய வேண்டியதில்ல. கூட வந்த ஒருத்தர் “தரை அழுக்காயிருக்குமே”ன்னு மொணங்கினாரு.

உங்கத்தை புதுச் சாக்ஸ் எடுத்து வச்சா. நான்தான், தண்ணியில நனையுறதுக்கு எதுக்குப் புதுசுன்னு, பழசை மாட்டிக்கிட்டுப் போயிட்டேன். ஷூவைக் கழட்டினதும் இடது கால் பெருவிரல் முழுசா வெளிய எட்டிப் பாக்குது. எட்டுப் பேரோட எட்டு விளக்கும் அது மேல. கைடு குனிஞ்சு விரலைப் பாத்தாரு, அப்புறம் கையில இருந்த விளக்கைத் தரையில ஒரு பானை மேல அடிச்சாரு. அதுல கட்டைவிரல் அளவுக்கு ஒரு ஓட்டை. “இதைக் கொன்னுட்டாக”ன்னாரு. பானைக்கும் உசுரு உண்டாம். படையல் முடிஞ்சதும் ஓட்டை போட்டோ உடைச்சோ அந்த உசுரை வெளிய விட்டிருவாகளாம். “உங்க சாக்ஸ்ல இருந்து உசுரு போயி ரொம்ப நாளாச்சு போல”ன்னாரு. ஆத்துல தொப்பி போனப்ப விழுங்கின வார்த்தையை இங்க துப்பிட்டாரு. அப்புறம் தன் பையில இருந்து ஒரு ஜோடி எடுத்துக் குடுத்தாரு. என்னை மாதிரி ஆளு மாசத்துக்கு எத்தனை வருதுன்னு அதுலயே தெரிஞ்சுது.

அந்தப் பானைகள்ல ஒண்ணுல சின்னதாக் குரங்கு உருவம் ஒட்டியிருக்கு, அதைக் கேட்டுப் பாரு. மேல ஒரு பலகைப் பாறையில ரெண்டு கல்லு நட்டு வச்சிருக்காக. ஒண்ணு திருக்கை மீனோட முள்ளு மாதிரி, இன்னொண்ணு கண்ணாடிக் கல்லுக் கத்தி மாதிரி. ரெண்டும் ரத்தம் எடுக்கற ஆயுதம். பெரிய மனுசங்க நாக்குலயும் உடம்புலயும் குத்திக்கிட்டு, சொட்டுற ரத்தத்தைச் சாமிக்குக் குடுத்தாகளாம்.

இதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டு வந்தேன், மருமவனே. மழைக் கதையை ஆரம்பிச்சாரு கைடு. எனக்கு வாய் கட்டிப் போச்சு.

பெலீஸ்காரர் ஹைமி ஆவேன்னு ஒரு தொல்பொருள் ஆய்வாளர், ஹாலி மோயஸ்னு ஒரு அம்மா, இவுகள்லாம் 1990கள்ல இருந்து அந்தக் குகையை அளந்து கணக்கெடுத்தவக. உள்மண்டபத்துல கெடக்கற பானைகள்ல பெரும்பாலானது கி.பி. 700க்கும் 900க்கும் நடுவுல வச்சது. அதுக்கு முன்னாடி இம்புட்டு இல்ல. அந்தக் காலத்துலதான் அங்க வறட்சி மேல வறட்சி. மழைச்சாமி சாக் குகைக்குள்ளதான் குடியிருக்காரு, மேகம் அங்கயிருந்துதான் பொறப்படுதுன்னு நம்பினவுக. மழை பெய்யலைன்னதும் இன்னும் உள்ள, இன்னும் உள்ளன்னு, கையில தீப்பந்தத்தோட, தலையில பானையோட, நான் கழுத்தை ஒருக்களிச்ச அந்தச் சந்து வழியாவே போயிருக்காக. மொதல்ல தானியம். அப்புறம் ரத்தம். அப்புறம் ஆளு. பதினாலு பேரோட எலும்பு கெடக்கு. அதுல பச்சப் புள்ளைகளும் உண்டு.

நான் சின்னப் பையனா இருக்கையில மழை பொய்ச்சாக் கரிசக்காட்டுல கொடும்பாவி கட்டி இழுப்பாக. உங்க ஆச்சி வீடு வீடா மழைச்சோறு வாங்கித் தின்னுட்டு, ஊரை விட்டே போறோம்னு மாரடிச்சு அழுதவ. வெதைச்ச புழுதிக்குள்ள வெத மக்கிப் போறதை ஒரு தடவை பாத்தவனுக்குத் தெரியும், மனுசன் எது வரைக்கும் போவான்னு. அவுக பண்ணினதைச் சரிங்கல. ஆனா கூட வந்தவுகள்ல ஒருத்தர் “காட்டுமிராண்டிங்க”ன்னு சொன்னப்ப எனக்குச் சுருக்குன்னுது. அவருக்கு மழைன்னா வாரக் கடைசி கெட்டுப் போச்சுன்னு அர்த்தம்.

மழை அந்தச் சனம் கேட்ட நேரத்துக்கு வரல. அந்தப் பக்கத்துப் பெரிய பெரிய ஊரெல்லாம் ஒண்ணொண்ணாக் காலியாப் போச்சு. “அப்ப மாயாக்காரவுக மாயமாயிட்டாக”ன்னு நான் ஒரு வசனம் பேசினேன், மக அதை இங்கிலீஷ்ல பெயர்த்தா. “நான் இங்கதானே நிக்கேன், அய்யா”ன்னாரு கைடு. மோப்பன் மாயா வம்சம் அவரு, அவுக அம்மா இன்னைக்கும் வீட்ல அந்தப் பாஷைதான் பேசுதா. அந்தத் தப்பை நீ பண்ணாத.

கடைசியா ஒரு அலுமினிய ஏணி. மேல ஏறினா ஒரு சின்ன அறை, அதுல மல்லாக்கக் கெடக்கு ஒரு முழு எலும்புக்கூடு. எலும்பு மேல சுண்ணாம்புப் படிகம் பூத்து, விளக்கு பட்டா மினுமினுங்கும். “படிகக் கன்னி”ன்னு பேர் வச்சு, இளவயசுப் பொண்ணுன்னு ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டிருந்தாக. பொறவு பரிசோதிச்சவுக, இது ஆம்பளப் பையனா இருக்கலாம்னுட்டாக. பதினேழு பதினெட்டு வயசு. அங்க எதுவும் பேசாத. “வாவ்”னு ஒரு சத்தம் வாயில வச்சிருக்கியே, அதையும் ஏணிக்குக் கீழயே விட்டிரு. நான் கும்பிட்டேன். நெத்தியில பூச விபூதி கொண்டுபோகலையேன்னு மட்டும் இருந்துது. அப்புறம், அங்க கைடு அதையும் தட்டிவிட்டிருப்பாருன்னு நெனைச்சுச் சமாதானம் ஆயிட்டேன்.

திரும்பி வந்ததும் பசிக்கும் பாரு ஒரு பசி. தேங்காப் பால்ல வேக வச்ச சோறும் பயறும், கோழிக் கொழம்பும் தருவாக, பக்கத்துல மரீ ஷார்ப் மிளகாச் சாறு பாட்டில் நிக்கும். கேரட் போட்டதுன்னு கேட்டுக் குழந்தைச் சாப்பாடுன்னு நெனைச்சு ஊத்திராத, உள்ள இருக்கறது ஹபனேரோ மிளகா. மறுநாள் காலையில ஃப்ரை ஜாக்னு ஒண்ணு குடுப்பாக. பேரைக் கேட்டு மெரளாத, பூரிதான். நாங்க குகைக்குப் போயிருந்த நேரத்துல உங்கத்தை லாட்ஜ் அடுப்படியில பூந்து, பாஷை தெரியாமலே அவுகளுக்குப் பூரி உப்ப வைக்கற சூட்சுமத்தைச் சொல்லிக் குடுத்திருக்கா. நான் ஷிபால்பாவைப் பாத்துட்டு வந்து கதை சொல்ல வாயைத் தொறந்தா, அந்த லாட்ஜே அவளைச் சுத்தி உக்காந்திருக்கு.

அந்த ஓட்டைச் சாக்ஸை நான் தூக்கிப் போடல. ஊருக்குக் கொண்டுவந்து பெட்டியில வச்சிருந்தேன், நாலு பேருக்குக் காட்டிக் கதை சொல்லலாம்னு. அதுதான் எங்கிட்ட இருந்த ஒரே ஆதாரம். போன வாரம் எடுத்துப் பாத்தா, உங்கத்தை கருப்பு நூலைப் போட்டு விரல் எடத்தை நறுவிசாத் தச்சு வச்சிருக்கா. “ஒரு ஓட்டைக்கு அத்தனை பேரு முன்னாடி அவமானப்பட்டு வந்தீகளே”ங்கா. கொன்ன பானைக்கு உசுரு குடுத்துட்டா. இனி என்னத்தைக் காட்டி நான் கதை சொல்ல? நீ வேணும்னா சொல்லு, கொரியர்ல அனுப்புதேன். உனக்கு ஒரு சைஸ் சின்னதா இருக்கும், இழுத்து மாட்டிக்கோ.